படலையில் வந்து கேட்கிறவருக்கு என்ன கொடுப்பது?

“உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு, உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே.” இது இயேசு சொன்னது, மத்தேயு 5:42. தவக்காலம் வந்தால் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் சபைகளிலும் இந்த வசனத்தின் முன்பாதி அடிக்கடி காதில் விழும். பின்பாதியைப் பிரசங்கத்தில் கேட்பது அருமை. காரணம் விளங்காமல் இல்லை. படலையைத் தட்டுகிறவருக்கு 100 ரூபாவை நீட்டி அனுப்புவது லேசு. அயல்வீட்டுக்காரர் வந்து 50,000 ரூபா கைமாற்றுக் கேட்கும்போதுதான் முகம் கோணத் தொடங்கும்.

இரண்டு பாதிக்கும் வேர் உபாகமம் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இஸ்ரவேலர் ஒருவருக்கொருவர் கொடுத்த கடனை ஏழாம் வருடத்தில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்படியென்றால் ஆறாம் வருடக் கடைசியில் யார்தான் கடன் கொடுப்பார்கள்? மனிதர் போடும் இந்தக் கணக்கு சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது. விடுதலை வருடம் கிட்டிவிட்டதே என்று நினைத்து ஏழைக்குக் கையை மூடிக்கொள்ளாதே என்று 9ஆம் வசனம் நேராகவே எச்சரிக்கிறது. மத்தேயு 5:42 வருகிற மலைப்பிரசங்கத்தைக் கேட்டவர்கள் இந்தச் சட்டத்தில் வளர்ந்தவர்கள். லூக்கா 6:34-35 இன்னும் ஒரு படி மேலே போகிறது: திரும்பி வரும் என்று நம்பிக் கடன் கொடுப்பது பாவிகளும் செய்கிற வேலை, நீங்கள் கைம்மாறு கருதாமல் கொடுங்கள் என்கிறது.

கேட்டவர் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டுமா என்பதுதான் எல்லாருக்கும் வரும் முதற்கேள்வி. திருச்சபைக்கும் அது ஆரம்பத்திலேயே வந்தது. 2ஆம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’ என்ற நூல், யாருக்குக் கொடுப்பது யாருக்கு விடுவது என்று தடுமாறாமல் எல்லாருக்கும் கொடு என்கிறது. பொய் சொல்லி வாங்கினவன் கடவுளுக்குக் கணக்குச் சொல்லட்டும், கொடுத்தவன்மேல் குற்றமில்லை. ‘திதாக்கே’ எனப்படும் ஆதிச்சபையின் சிறு போதனை நூலும் முதலில் அதையே சொல்கிறது. ஆனால் உடனே, யாருக்குக் கொடுக்கிறாய் என்று அறியும்வரை உன் தர்மக்காசு உன் கையிலேயே வியர்க்கட்டும் என்றும் சேர்க்கிறது. ஊர் ஊராய் வரும் தீர்க்கதரிசிகளுக்கு அந்நூல் வைத்த சோதனை இன்றைக்கும் உதவும்: மூன்று நாள் தங்கினால் பொய்யன், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குக் காசு கேட்டால் பொய்யன், வறுமைப்பட்ட இன்னொருவருக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம். ஜெபக்கூட்டத்தில் ‘விதைப்புக் காணிக்கை’ என்று வங்கிக் கணக்கு இலக்கத்தைத் திரையில் காட்டுகிறவர்களுக்கு முன்னால் இதை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

இரண்டு போக்கையும் ஒழுங்குபடுத்தியவர் வட ஆபிரிக்க இறையியலாளர் அகுஸ்தீனார். சுமார் 394இல் மலைப்பிரசங்கத்துக்கு அவர் எழுதிய விளக்கம் இப்படிப் போகும்: கேட்கிற எவருக்கும் கொடு என்பதுதான் கட்டளை, கேட்கிற எதையும் கொடு என்பதல்ல. உனக்கோ அவருக்கோ தீங்கு வராததைக் கொடு. மறுக்க வேண்டி வந்தால் ஏன் மறுக்கிறாய் என்று சொல், அவர் வெறுங்கையோடு போகக்கூடாது. சிலவேளை கேட்ட பொருளைவிட ஒரு திருத்தமான சொல் பெரிய கொடையாக இருக்கும். அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு புத்திமதி மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் யாக்கோபு 2:15-16ஐயும் சேர்த்து வாசிப்பது நல்லது. சாப்பாடும் உடுப்பும் இல்லாதவரைச் சமாதானத்தோடே போ என்று அனுப்பினால் என்ன பிரயோசனம் என்று அது கேட்கிறது.

மறுப்பதற்கு மிக அதிகமாகத் தூக்கப்படும் வசனம் 2 தெசலோனிக்கேயர் 3:10, “ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது” என்பது. வேலையை விட்டுவிட்டு மற்றவர் வீட்டு அலுவலில் தலையிட்டுத் திரிந்த சபை அங்கத்தவர்களுக்கு எழுதியது அது. காலில்லாதவருக்கும், வேலை கிடைக்காதவருக்கும், 70 வயது அம்மாவுக்கும் எழுதியதல்ல. மூன்று வசனம் தாண்டினால், நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது.

அடுப்பில் கறியை வைத்துவிட்டுப் படலைக்கு ஓடி வந்தவருக்கு இத்தனையையும் அங்கேயே நின்று யோசிக்க நேரம் இராது. ஆகையால் கொடுக்கும் முடிவை ஆள் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். திருச்சபையின் மிகப் பழைய நடைமுறையும் அதுதான். வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துச் சேர்த்துவை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 16:2). 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், ஞாயிறு கூட்டத்தில் சேரும் காணிக்கை தலைவரிடம் போய், அவர் அதிலிருந்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், அந்நியர் ஆகியோரைப் பார்த்துக்கொண்டார் என்று பதிவு செய்கிறார். 251ஆம் ஆண்டளவில் உரோமைச் சபை 1,500க்கு மேற்பட்ட விதவைகளையும் இல்லாதவர்களையும் பராமரித்ததாக ஆயர் கொர்னேலியு எழுதினார். தெருவில் கண்டபோது மனமிரங்கிப் போட்ட காசால் இந்த எண்ணிக்கை வராது.

ஒரு வீட்டுக்கு இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். மாத வருமானம் 80,000 ரூபா என்று வைப்போம். புதிய ஏற்பாடு எந்தச் சபைக்கும் பத்தில் ஒன்று என்று அளவு குறிக்கவில்லை. “அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்” என்றுதான் 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. இருந்தாலும் தசமபாகம் பழகிய அளவு என்பதால் 8,000 என்றே எடுப்போம். அதில் 4,000 கோயிலுக்கு. 2,000 சொந்தத்துக்குள் முடியாமல் இருப்பவருக்கு. தன் வீட்டாரைக் கவனியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதால் இது தர்மத்தில் சேராது என்று யாரும் வாதாட முடியாது. 1,000 ரூபாவைப் பத்து 100 ரூபாத் தாள்களாக மாற்றிப் படலைக்கு வையுங்கள். மிச்சம் 1,000 கைமாற்றுக்கு. வருட முடிவில் அது 12,000 ஆகும்.

இது குழம்புவது வழக்கமாக இரண்டு இடத்தில். மாத முடிவில் மிஞ்சினால் எடுப்போம் என்று விட்டால் ஒருபோதும் மிஞ்சாது, சம்பளம் வந்த அன்றே பிரித்துவிட வேண்டும். மற்றது, கோயிலின் பங்கு மற்ற மூன்றையும் விழுங்கிவிடும். கோபுரமோ மணிக்கூடோ மார்பிளோ ஏதாவது ஒரு திருப்பணி ஊரில் எப்போதும் நடந்துகொண்டேயிருக்கும், பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வருகிறவர் தெரிந்தவராகவும் இருப்பார். மாதச் சம்பளம் இல்லாத வீடுகளுக்குப் பிடியரிசி இருக்கிறது. சோறு போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடும் இந்த வழக்கம் யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ வீடுகளுக்கும் சைவ வீடுகளுக்கும் பொது. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம். நாளுக்கு ஒருமுறை எடுத்தால் மாதம் ஒன்றரைக் கிலோ. மழைக்காலத்தில் பானையை மூடாமல் விட்டால் வண்டு விழும், ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொடுத்துவிடுவது உத்தமம்.

இனிப் படலை. ஆஸ்பத்திரி வீதியிலும் பஸ் நிலையத்திலும் வீட்டு வாசலிலும் கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரே நாலைந்து வகைதான். “ஐயா, மருந்துக்கு ஆயிரம் ரூபா குறையுது” என்று மருந்துத் துண்டை நீட்டுகிறவருக்குக் காசு கொடுப்பதைவிட அவரோடு பாமசிக்கு நடப்பது மேல். போகுமுன் துண்டில் திகதி பாருங்கள். வாங்கியதும் துண்டில் ‘கொடுக்கப்பட்டது’ என்று பாமசிக்காரர் முத்திரை குத்திவிட்டால் அதே துண்டு மறுநாள் வேறு தெருவுக்குப் போகாது. முழுப் பெட்டியாக வாங்கிக் கொடுத்தால் திரும்ப விற்கலாம், ஐந்து நாளுக்கு வேண்டிய குளிசையை வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தால் விற்க முடியாது. கிளிநொச்சிக்குப் போகப் பஸ் காசில்லை என்கிறவருக்கு நடத்துனரிடம் கட்டிவிடலாம். பசி என்கிறவருக்குச் சோற்றுப் பார்சல், கூடவே ஒரு தண்ணீர்ப் போத்தல். தூள், ஐஸ் என்று போதைப் பழக்கத்தில் விழுந்த பிள்ளை என்று தெரிந்தால் சாப்பாடு மட்டும், காசு வேண்டாம். அகுஸ்தீனார் சொன்ன ‘அவருக்கே தீங்கு’ இதுதான். கையேந்தி நிற்கும் சிறுபிள்ளைக்கும் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசு பிள்ளையை நாளைக்கும் அங்கேயே நிறுத்தும். சாப்பிடக் கொடுத்துவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அறிவிக்கலாம்.

பால்மா கேட்டு வாங்கி அதைக் கடையிலேயே திரும்பக் கொடுத்துக் காசாக்குகிறார்கள் என்ற பேச்சும் உண்டு. பக்கற்றின் முனையை வெட்டிக் கொடுங்கள் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மருந்துக்குச் சரியாகப் படுவது இங்கே சரியாகப் படவில்லை. மருந்து தவறான கைக்குப் போனால் ஆபத்து. பால்மா போனால் நட்டம் ஆயிரத்துச் சொச்சம், அந்த நட்டத்துக்குப் பயந்து கைக்குழந்தையோடு நிற்கும் தாயின் முகத்துக்கு முன்னால் கத்தரிக்கோல் எடுப்பது அதைவிடப் பெரிய நட்டம். ஏமாறுவதற்கென்று மாதத்தில் ஒரு சிறு தொகையை மனதில் ஒதுக்கிவிட்டால் இந்தப் பதற்றம் குறையும்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்குப் படலையில் நிற்கிறவரை அசட்டை செய்ய இன்னும் கொஞ்சம் கூச்சம் இருக்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் நுழையத் தடையிருந்தபோது, கோவாவிலிருந்து வந்த யோசவ் வாஸ் 1687இல் யாழ்ப்பாணத்தில் பிச்சைக்காரராகத்தான் வீடு வீடாய்ப் போனார். கழுத்தில் கிடந்த செபமாலையைக் கண்டு முகம் மாறிய வீடுகளை வைத்தே இது நம்மவர் வீடு என்று கண்டுபிடித்தார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்றைக்குத் தடை போட்டவர்களும், பசித்தவரையும் அந்நியரையும் கவனிக்கச் சொல்லும் மத்தேயு 25ஐ ஞாயிறுதோறும் கையில் வைத்திருந்த கிறிஸ்தவர்களே என்பது தனிக்கதை.

படலையைவிட இன்று அதிகமாகக் காசு புழங்கும் இடம் ஒன்று இருக்கிறது: கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிறந்தநாளுக்கும் ஆண்டுத்திவசத்துக்கும் வரும் உதவி. உலர் உணவுப் பொதி, பாடசாலைப் பை, துவிச்சக்கரவண்டி. பின்னால் பதாகை, முன்னால் வரிசை, வாங்குகிற கை படத்தில் விழும்வரை பொதியை விடாத கொடுக்கிற கை. மத்தேயு 6:2இல் தாரை ஊதாதே என்று சொன்னதற்கு இன்றைய உருவம் இதுதான். அந்தப் படத்தில் நிற்கும் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

ஆனால் அனுப்புகிறவரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கடல் கடந்து காசு அனுப்புகிறவர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கக்கூடாதா? கேட்கலாம். பவுலுக்கும் இதே சிக்கல் வந்தது. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்த பணம் எருசலேமின் ஏழைகளுக்குப் போக வேண்டும், இடையில் பழிச்சொல் வரக்கூடாது. அவர் எருசலேமின் ஏழைகளைக் காட்சிக்கு நிறுத்தவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த, பேர்பெற்ற ஆட்களைப் பணத்தோடு அனுப்பினார். கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பும் ஒழுங்காயிருக்கவே இப்படிச் செய்கிறோம் என்று 2 கொரிந்தியர் 8:19-21இல் எழுதினார். கணக்குக் காட்ட வேண்டியவர் பணத்தைக் கொண்டுபோகிறவர். வாங்குகிறவரின் முகம் பற்றுச்சீட்டு ஆகாது.

நடைமுறையில் இது கடினமும் அல்ல. கடைப் பில், பொதியில் இருந்ததன் பட்டியல், வாங்கியவரின் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ உள்ள தாள், அதற்குக் கீழே பங்குத்தந்தை அல்லது போதகரும் இன்னொருவரும் வைத்த ஒப்பம். பெயர்த்தாள் கோயில் அலுவலகத்தில் இருக்கட்டும். வெளிநாட்டுக்குப் பெயருக்குப் பதில் இலக்கமிட்ட பிரதி போதும். படம் அவசியம் என்றால் அடுக்கி வைத்த பொதிகளை எடுக்கலாம். வின்சென்ட் டி போல் சபையார் 1833இல் பாரிஸில் தொடங்கிய நாள்முதல் பழகியது போல இரண்டு பேராக வீட்டுக்கே போய்க் கொடுத்தால், பொதியில் என்ன பிழை என்பதும் தெரியவரும். நீரிழிவுக்காரர் வீட்டில் மூன்று கிலோ சீனி கிடக்கும். தனித்த முதியவரிடம் ஐந்து கிலோ அரிசி இருக்கும், காஸ் முடிந்து இரண்டு கிழமை ஆகியிருக்கும். வரிசையில் வைத்துக் கொடுக்கிறவருக்கு இது ஒருநாளும் தெரிய வராது.

இனிப் பின்பாதி, கடன். படலைத் தர்மத்தைவிட இதுவே இங்கே உயிர்நிலை. நிற்காமல் ஏறிக்கொண்டே போகும் மீற்றர் வட்டியிலும் நுண்கடனிலும் குடும்பங்கள் சிக்கியது ஊரறிந்தது. 2018இல் வறட்சி கண்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நிலுவைக் கடன்களை அரசாங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. யாழ்ப்பாணமும் அதில் ஒன்று. கணக்கு எளிது. 50,000 ரூபாவை மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு எடுத்தால் மாதம் 2,500, வருடத்துக்கு 30,000 போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். அந்த நிலைக்குப் போவதற்கு முன் அந்தப் பெண் யாரிடமோ வட்டியில்லாமல் கேட்டிருப்பார். அந்த யாரோதான் மத்தேயு 5:42இல் வருகிற ஆள்.

உபாகமம் 24ஆம் அதிகாரம் கடன் கொடுப்பவருக்குப் போடும் விதிகள் யாழ்ப்பாணத்துக்கே எழுதினது போலிருக்கும். திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அது அவன் பிழைப்பு (24:6). இங்கே அது தையல் மெசின், மீன்வலை, படகின் வெளியிணைப்பு இயந்திரம். அடகு வாங்க அவன் வீட்டுக்குள் போகாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தருவான் (24:10-11). தவணைக் காசு வரும்வரை பொழுதுபட்டும் விறாந்தையில் குந்தியிருக்கும் வசூல்காரரைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு (24:12-13).

திருச்சபை இந்த வழியில் நிறுவனமும் கட்டியது. 325இல் நிக்கேயா பொதுச்சங்கம் குருக்கள் வட்டி வாங்குவதைத் தடுத்தது. 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்கான அடைவுகடை ஒன்றைத் தொடங்கினார்கள். ஊரார் போட்ட தர்மமே முதல், வட்டி மிகக் குறைவு. அந்தச் சிறு வட்டியும் பாவமா என்று அரை நூற்றாண்டு சண்டை நடந்தது. நடத்தும் செலவுக்கு மட்டும் வாங்கலாம் என்று 1515இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் முடிவு சொன்னது.

ஒரு பங்கிலோ சபையிலோ இதைச் சிறிய அளவில் செய்யலாம். பத்துக் குடும்பம் ஆளுக்கு 5,000 போட்டால் 50,000. அதை 10,000 வீதம் ஐந்து பேருக்கு வட்டியில்லாமல் கொடுத்து, மாதம் 1,000 வீதம் பத்து மாதத்தில் வாங்கினால், மாதந்தோறும் 5,000 திரும்பி வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு புதிய கடன் கொடுக்கலாம். கேட்கிறவரிடம் கேட்க வேண்டியது மூன்றே: எவ்வளவு, எதற்கு, எந்தத் திகதியில் முதல் தவணை. இரண்டு பிரதி எழுதி ஒன்றை அவரிடமே கொடுக்க வேண்டும். அடைவிலிருக்கும் நகையை ஏலத்துக்கு முன் மீட்க, பள்ளிக் கட்டணம் கட்ட, வலை திருத்த என்றால் நல்லது. ஏற்கெனவே உள்ள மீற்றர் வட்டிக்கு வட்டி கட்ட என்றால் 10,000 கரைந்துபோகும். அங்கே குழுவில் இரண்டு பேர் வட்டிக்காரரிடம் நேரே போய் முதல்தொகையைப் பேசி முடிப்பதே உதவி.

இப்படியான நிதிகள் படுத்துவிடுவது ஏமாற்றுக்காரராலல்ல. குழுவிலுள்ளவர் தன் மச்சானுக்கு எழுதாமல் கொடுப்பார். பெட்டித் திறப்பு ஒருவரிடமே இருக்கும். முதல் ஆள் இரண்டு தவணை தவறும்போது வெட்கத்தில் யாரும் பேசமாட்டார்கள். அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்துவார், காசும் போகும், ஆளும் போவார். இரண்டாம் தவணை தவறிய கிழமையே இரண்டு பேர் வீட்டுக்குப் போய்த் தவணையை 500 ஆக்கிவிட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். முடியவே முடியாதென்றால் விட்டுவிட வேண்டும், ஆனால் விட்டதைக் கணக்கில் எழுதி விட வேண்டும். ‘நிலுவை’ என்று வருடக்கணக்கில் இழுத்தால் அந்த மனிதர் எப்போதும் கடன்காரர். ‘மன்னிக்கப்பட்டது’ என்ற நிரலில் தொகையைப் போட்டு அவருக்கும் அறிவித்தால் அவர் ஞாயிற்றுக்கிழமை பின்வரிசையில் ஒளிந்து நிற்க வேண்டியதில்லை. பத்துக் கடனில் ஒன்று இப்படிப் போகும் என்று தொடக்கத்திலேயே கணித்து, வருடம் ஒருமுறை தவக்காலக் காணிக்கையிலிருந்து அதை நிரப்பிக்கொள்ளலாம்.

மன்னிக்கப்பட்டவர் மறுபடியும் வந்து கேட்டால் என்ன செய்வது என்பதில் குழுக்கள் பிளவுபடும். கொடுக்கலாம், ஆனால் 10,000 அல்ல. 3,000, மூன்று மாதத்துக்கு. அதையும் கட்டாவிட்டால் அடுத்த முறை கடனாகக் கொடுக்காமல் அரிசியாகவோ மருந்தாகவோ கொடுத்து, கடன் ஏன் இல்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்.